சத்தமில்லாக் குரவை

என் அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்கும் பழைய இடமாற்றக் கடிதங்களுக்கும் நடுவில், ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டை இருக்கிறது. ஒரு பக்கம் கம்பனியின் அச்சு. மறுபக்கம் நீல மார்க்கரில் பெரிய எழுத்துகள்: “குரவை போட வேணாம். கையை ஆட்டுங்க.” அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் இன்னொரு வரியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். வீட்டைத் துப்புரவாக்கும்போதெல்லாம் என் மகன் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இந்தக் குப்பைய எறியட்டா?” என்று கேட்பான். எறிந்தால் உன்னையும் சேர்த்து எறிவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அட்டையை எழுதியவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா. அப்போது நான் வாவியின் மேற்கே, பழுகாமத்துக்குக் கிட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு கிழக்குக் கரையில். ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக ஏறும் தட்டையான இரும்புப் படகில் தினமும் போய் வருவேன். எங்கள் பக்கத்தில் அந்தப் படகைப் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். ஒரு மாரிகாலக் காலையில், அடுத்த வருடத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளன்று, அந்த அம்மா நனைந்த குடையுடன் வந்து என் மேசையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையொன்றை வைத்தார். இப்படியான விஷயத்தைப் பெற்றோர் பெரும்பாலும் கடைசிவரை மறைப்பார்கள், நாங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் கோபிப்பார்கள். இவர் உட்காருமுன்பே சொல்லிவிட்டார்.

“டீச்சர், என்ட மகளுக்கு ஓட்டிசம் எண்டு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நீங்க பயப்பிட வேணாம். நானும் ஒரு கிழமை பயந்துபோய்த்தான் கிடந்தன். மறுகா பாத்தா, முதல் கிழமை இருந்த அதே புள்ளதான் வீட்டுல இரிக்காள்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். மகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சோறும் கறியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பெயரை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் பத்துவரை எண்ண வேண்டும், அதற்குள் திரும்புவாள். தொடுவதற்கு முதல் சொல்ல வேண்டும். அழுதால் சமாதானம் பேசக்கூடாது, பக்கத்திலிருந்து எதையாவது எண்ண வேண்டும். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இருபது வருடமாகப் படிப்பிக்கிற எனக்கே பாடக்குறிப்பு எழுதித் தருகிறாரே! கடைசிப் பக்கத்தில், ‘பாதையில கட்டியிரிக்கிற டயர் பதினாலு. அவளுக்கு அது மிச்சம் விருப்பம்’ என்று இருந்தது. அன்று பின்னேரம் வீடு திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். பதினான்குதான். அத்தனை வருடமும் அதிலேயே போய் வந்தவள் நான், ஒருநாளும் அவற்றை எண்ணியதில்லை. எரிச்சலில் பாதி அந்தப் பயணத்திலேயே போய்விட்டது.

பள்ளிக்கூட அதிபருக்குப் பிள்ளையைச் சேர்ப்பதில் விருப்பமே இல்லை. கெட்ட மனிதரல்ல, பயந்த மனிதர். பாலர் பாடசாலையிலிருந்து மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிய பிள்ளை என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். இப்படியான பிள்ளைகளுக்கென்று டவுனில் தனி வகுப்பு இருக்கிறதே என்றார். அதற்குப் பாதையும் இரண்டு பஸ்ஸும் ஏற வேண்டும் என்பதை அந்த அம்மா பெரிதாக எடுக்கவில்லை. “தூரத்த விடுங்க சேர். அவளோட ஒரே தெருவுல வளருற புள்ளயள் எல்லாம் இஞ்ச வருதுகள். அவள் மட்டும் வேற எங்கயோ போனா, நாளைக்கு ரோட்டுல கண்டாலும் அதுகளுக்கு அவள் ஆரெண்டு தெரியாது” என்றார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இறங்கி வருவதற்கு அதுதான் அடையாளம். ஒரு தவணை, சித்திரை விடுமுறை வரை, பார்ப்போம், பிள்ளை வகுப்பில் தங்காவிட்டால் அதற்குமேல் தன்னிடம் பேச வரக்கூடாது என்றார்.

ஜனவரியில், புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவுக்கு நான் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்தேன். ஆகாத சத்தங்கள் என்று ஒரு பக்கமே இருந்தது: பட்டாசு, பறை, ஒலிபெருக்கி, பள்ளிக்கூட மணி. பட்டாசை நிறுத்தினேன். பாண்டு வாத்தியத்தை நிறுத்தினேன். மணியடிக்கும் இரும்புக் கம்பியில் என் பழைய சேலைத் துண்டொன்றைச் சுற்றினேன். மணி ‘தொம், தொம்’ என்று கேட்டது. இது பள்ளிக்கூடமா தேங்காய் விழுகிற தோட்டமா என்று அதிபர் முணுமுணுத்தார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. இந்த மாவட்டத்திலேயே என்னைப்போல யோசிக்கிற டீச்சர் இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

தாய்மார் நாற்பது பேராவது வந்திருப்பார்கள். அந்த அம்மா இரண்டு மாதமாகப் படியேறி இறங்கியது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக மகள் வாசலுக்கு வந்ததும் எங்கள் எல்லாருக்கும் மனம் நிறைந்துவிட்டது. மனம் நிறைந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? குரவை போடுவார்கள். கல்யாணமோ, சாமத்தியச் சடங்கோ, கோயில் திருவிழாவோ, நாக்கைச் சுழற்றி அந்த ஒலியை எழுப்பாவிட்டால் எங்களுக்கு நடந்தது நடந்த மாதிரி இராது. அது எங்களுக்குச் சத்தமே இல்லை, சந்தோஷம். அதனால்தான் அந்தக் கொப்பியில்கூட அது எழுதப்பட்டிருக்கவில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் குரவை போட்டார்கள். அந்த அம்மாவும் போட்டார். முதலில் தொடங்கியது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். கழுத்தில் போட்டிருந்த பூமாலை ஒரு பக்கம், தண்ணீர்ப் போத்தல் ஒரு பக்கம். இறங்குதுறை பக்கத்தில்தான். புறப்படவிருந்த பாதைக்குள் ஏறி, ஓரத்துப் பலகைக்குக் கீழே சுருண்டுகொண்டாள். பாதைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கந்தோருக்குப் போகிறவர்கள் நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மகளைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று டயர்களை எண்ணத் தொடங்கினார். பதினான்குவரை போய்த் திரும்பவும் ஒன்றுக்கு வந்தார். எத்தனை தடவை என்று தெரியாது. நான் துறையில் நின்று அழுதேன். பலகைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் “பதினாலு” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதிபர் வந்து, இதற்குத்தான் அப்போதே சொன்னேன் என்றார். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தளரவில்லை.

“பிழை புள்ளயில இல்ல சேர், எங்கட வாயில. ஒரு தவணை எண்டு சொன்னீங்க. இண்டைக்கு முதல் நாள்தானே, மிச்சம் கிடக்கு. திங்கக்கிழமை இன்னொருக்கா வரவேற்பம்.”

பழைய பிஸ்கட் பெட்டியைக் கிழித்து அந்த அட்டையை எழுதியது அன்றுதான். சனியும் ஞாயிறும் அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போனார். தொடங்கி வைத்த குற்றவாளி என்பதால் நானும் கூடவே போனேன். குரவைக்குப் பதிலாக இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி விரல்களை ஆட்டுவது. கேட்க இலகுவாக இருந்தது, செய்யும்போதுதான் பாடு தெரிந்தது. கை மேலே போனதும் வாய் தானாகத் திறந்துவிடும். ஒரு மாமிக்கு ஆறு தடவை சொல்லிக் கொடுத்தும் ஏழாவது தடவையும் குரவை கிளம்பிவிட்டது. “என்னகா செய்யச் சொல்லுறாய்? அம்பது வருசப் பழக்கம், கைய விட வாய் முந்துது” என்று அவர் தலையிலடித்துக்கொண்டார். கடைசியில் சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு ஆட்டிக் காட்டினார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை, மனம் திங்கட்கிழமையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை வாசலில் அட்டை தொங்கியது. பிள்ளை இருபது அடி தூரத்தில் நின்றுவிட்டாள். நாற்பது பெண்களின் கைகளும் எழும்பின. ஒரு சத்தமில்லை. எல்லார் கன்னமும் உப்பியிருந்தது, மாமியின் வாயில் சேலைத் தலைப்பு இருந்தது. பிள்ளை எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை, ஆடுகிற விரல்களைத்தான் பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து போயிற்று, இருபதும் போயிற்று. பிறகு அவள் தன் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டியபடியே வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். திரும்பிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் அதிபரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நான் கண்டதும் தலையைச் சொறிவதுபோல இறக்கிவிட்டார்.

அதன்பிறகு எல்லாம் நேரானது என்று சொன்னால் பொய். மேசைக்குக் கீழே போன நாட்கள் இருந்தன. எனக்குப் பொறுமை கெட்ட நாட்களும் இருந்தன. அப்போதெல்லாம் அந்தக் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் சேரும், சிலவற்றை நானே எழுதினேன். அவள் மேசைக்குக் கீழே போனால் பக்கத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடாமலே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். தவணை முடிந்ததும் அதிபரிடம் நினைவுபடுத்தினேன். “என்ன தவணை?” என்று கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

போன வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. கடைசி நாள் இறங்குதுறைக்குப் பள்ளிக்கூடமே வந்திருந்தது. இப்போது அங்கே வரவேற்பென்றாலும் வழியனுப்பென்றாலும் கைதான் ஆடும், ஏனென்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அந்தப் பிள்ளை முன்னால் வந்து, பழைய அட்டையை என் கையில் வைத்தாள். அவள் அம்மா சற்றுத் தள்ளியே நின்றார், மகளுக்காகப் பேச வரவில்லை. பாதை நகர்ந்தது. எல்லாக் கைகளும் எழும்பின. அப்போது அவள் பெண்கள் பக்கம் திரும்பி, இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பாதையிலிருந்த எனக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்: “நான் பொத்திட்டன். இப்ப போடுங்க!”

போட்டார்கள் பாருங்கள் ஒரு குரவை! இத்தனை வருடம் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வாவி முழுக்கக் கேட்டது. அந்த மாமியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அவள் அம்மா குரவை போட்டாரா அழுதாரா என்று கண்ணீரில் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை காதைப் பொத்தியபடியே சிரித்துக்கொண்டு நின்றாள். நடுவாவிக்கு வந்த பிறகுதான் மடியிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அம்மாவின் நீல எழுத்துக்குக் கீழே, அவளுடைய உருண்டை எழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது:

“என்னைக் கேட்டுட்டுப் போடுங்க.”