அக்கா பார்த்த வேலை சாஃப்ட்வேர் அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஒரு வருடம் நிறையும் இந்நாளில், கூடப்பிறந்த ஒரே தம்பியான நான் முதலில் சொல்ல வேண்டியது ஒரு திருத்தம். அமெரிக்காவில் அக்கா சாஃப்ட்வேரில் இருந்தார் என்றே நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் இருந்தது சாஃப்ட்பாலில். "பால் பண்ணையா?" என்று பெரியம்மா உடனே கேட்பார். அதுவும் இல்லை பெரியம்மா, பந்து!

அக்கா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கோபியில். பள்ளியிலும் கல்லூரியிலும், மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் இந்த சாஃப்ட்பால் ஆடினார். ஒருமுறை முழங்கால் தோல் உரிந்து வீடு திரும்பியபோது, "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா கண்ணு?" என்று அப்பா சத்தம் போட்டது நினைவிருக்கிறது. 1990-இல் திருமணமாகி, மச்சானோடு நியூஜெர்சியிலுள்ள எடிசனுக்குப் போனார். சாஃப்ட்வேரில் இருந்தது மச்சான்தான்.

அவர்கள் அபார்ட்மெண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. மச்சான் மன்ஹாட்டனுக்கு ரயில் ஏறியதும், அக்கா அங்கே கம்பிவேலிக்கு வெளியே நின்று பெண்கள் ஆடுவதைப் பார்ப்பாராம். பந்து வேலி தாண்டி விழுந்தால், கேட்டவள் கைக்கே போய்ச் சேரும்படி திருப்பி எறிவாராம். சுடிதாரும் ஸ்வெட்டருமாக இப்படி எறிவது யாரென்று பார்க்க வந்த தலைமைக் கோச் அம்மையார், அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். முதலில் சும்மா உதவிக்கு. கிரீன் கார்டு வந்தபின் முறையாக அசிஸ்டெண்ட் கோச்.

இதை அக்கா அப்பாவிடம் போனில் சொன்னார். அந்தக் காலத்து ஐ.எஸ்.டி.யில் நாம் பேசுவதே நமக்குத் திரும்பக் கேட்கும். அப்பாவின் காதில் "சாஃப்ட்" வரைக்கும் விழுந்தது. மிச்சத்தை அவரே போட்டுக்கொண்டார். கோச் என்றதும் கோச்சிங் கிளாஸ் ஆகிவிட்டது. மறுநாளே, "எம்புள்ள அமெரிக்கா காலேஜ்ல சாஃப்ட்வேர் கோச்சிங் எடுக்கறா" என்று கோபி முழுக்கச் சேதி.

அக்கா அடுத்த வாரமே திருத்தப் போனார். தடுத்தவன் நான். அப்போதுதான் நானும் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து எடிசன் வந்திருந்தேன். ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். குடும்பத்தில் மூன்று பேரும் சாஃப்ட்வேர் என்று பெண் வீட்டில் சொல்லியாகிவிட்டது. "கல்யாணம் முடியட்டும்க்கா, நானே எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றேன். கல்யாணம் முடிந்தது, குழந்தையும் பிறந்தது. பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பார்: "டேய், சொல்லீட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அப்படி என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன். பந்தை அடித்தவள் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவர வேண்டும். மூன்றாவது மூலையை நெருங்கும்போது பந்து அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அந்த மூலையில் நிற்பவர் சொல்வதை நம்பித்தான் ஓடவோ நிற்கவோ வேண்டும். அங்கே நின்றவர் அக்கா. ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கும் புரிந்துவிடுகிறதே என்று, தன் பெண்களுக்கு இரண்டு தமிழ்ச் சொற்களைப் பழக்கி வைத்திருந்தார்: ஓடு, நில்லு.

"இதுல எதுதான்க்கா கஷ்டம்?" என்று கேட்டேன்.

"நில்லுதான். ஓடுன்னா யாரு வேணா ஓடிருவாங்க. ஓடற வேகத்துல நிக்கணும்னா சொல்றவங்க மேல நம்பிக்கை வேணும்டா."

1998-இல் அப்பா எடிசன் வந்தார். வந்த மூன்றாம் நாளே, "புள்ள ஆபீஸப் பாக்கோணும்" என்று பிடிவாதம். நான் சாக்குச் சொல்லத் தொடங்குமுன், "வாங்கப்பா, போலாம்" என்று அக்கா காரை எடுத்துவிட்டார். குரங்குக் குல்லாயும் மச்சானின் கோட்டுமாக அப்பா மர பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

ஒரு பெண் மூன்றாம் மூலைக்குப் பாய்ந்து வந்தாள். "ஓடு! ஓடு கண்ணு, ஓடு!" என்று அக்கா கத்தினார். அப்பா எழுந்தே விட்டார். அந்தப் பெண் புழுதி பறக்கச் சறுக்கி நான்காம் மூலைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏண்டா, அந்தப் புள்ளைக்குத் தமிழ் தெரியுமா?"

"ரெண்டு வார்த்தை தெரியும்ப்பா. ஓடு, நில்லு."

காரில் அப்பா அக்காவிடம் கேட்டார்: "நில்லுன்னா நிக்கறாங்களா கண்ணு?"

"நிக்கறாங்கப்பா."

"பரவால்ல. நாஞ்சொல்லி நீ எங்க நின்ன?"

இரண்டு பேரும் வீடு வரும்வரை சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தலைமுடி போனபின் தொப்பி போட்டுக்கொண்டு அதே மூலையில் நின்றார். நிற்க முடியாமல் போனபின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்வி: "சொல்லீட்டியா?" "அப்பாவுக்குத்தான் தெரியுமேக்கா" என்றேன். "அப்பாகிட்ட நாஞ்சொன்னேன். நீ எப்ப சொல்லுவ?" என்றார். அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

கடைசிவரை கைத்தாங்கலாக இருந்த மச்சானுக்கும், முறை போட்டுச் சமைத்து வந்த எடிசன் தமிழ்க் குடும்பங்களுக்கும், அக்காவை வேலிக்கு உள்ளே கூப்பிட்ட கோச் அம்மையாருக்கும், சீருடையோடு வந்து சவப்பெட்டியைச் சுற்றி நின்று அழுத அந்தப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

கடைசியாக அப்பாவுக்கு நன்றி. இந்தக் கட்டுரை இரண்டாம் முறை எழுதியது. இந்த மலரை என் மாமனார் வீட்டாரும் படிப்பார்களே என்ற பயத்தில், முதலில் எழுதியபோதும் நான் அக்காவின் வேலை சாஃப்ட்வேர் என்றே எழுதி, அச்சுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். தாள் அச்சகத்துக்குப் போகவில்லை, எனக்கே திரும்பி வந்தது. "வேர்" என்பதை அடித்து, மேலே "பால்" என்று அப்பா எழுதியிருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு சொல்: நில்லு.

நின்றுவிட்டேன். சொல்லியும்விட்டேன், அக்கா.