சூரியன் வாயைத் திறந்த மத்தியானம்

சூரிய ஆராய்ச்சி நிலையத்து டிஷ் அண்ணன் வெளியில் நின்று யாரோடு பேசினாலும், அவர் கண் தரைக்குத்தான் போகும். நிழலைப் பார்ப்பார். கல்யாணத்தன்று வாசலில் எடுத்த போட்டோவில்கூட மாப்பிள்ளை குனிந்தபடியேதான் இருக்கிறார். வெட்கம் என்று சொந்தக்காரர்கள் நம்பினார்கள். பாவம், சூரியனின் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் பெரிய டிஷ்ஷை அதை நோக்கித் திருப்பும் வேலையில் மனிதர் அப்போதே ஊறிப்போயிருந்தார். டிஷ்ஷுக்கு முன்னால் கம்பிகளில் நிற்கும், அலைகளை வாங்கும் டப்பாவின் நிழல் டிஷ்ஷின் நடுவில் விழுந்தால்தான், அது சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம்.

ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணின் பிழைப்பு அந்த நிழலை நம்பித்தான் ஓடியது. சூரியனில் தெரியும் கரும்புள்ளிக் கூட்டங்களிலிருந்து வரும் ரேடியோ இரைச்சல் அவள் பாடம். வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. "சூரியன் சத்தம் போடும்னியே, போட்டுச்சா?" என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், இந்தப் படிப்புக்கு நான் லாயக்குதானா என்று அவளுக்கே சந்தேகம் வரும். இருந்த ஒரே பெரிய கூட்டமும் சூரியனின் விளிம்புக்குப் போய்விட்டது. சூரியன் சுழல்வதில் நாளைக்கு மறைந்துவிடும். இன்று இல்லையென்றால் கட்டுரை இல்லை.

மத்தியானம், இரைச்சலை வரைந்து காட்டும் திரையில் கோடு எகிறியது.

"அண்ணே! வந்துடுச்சு!"

"போன வாரமும் இப்படித்தாம்மா குதிச்சே. ஆபீஸ் முழுக்க மிட்டாய் வேற கொடுத்தே. கடைசியில பக்கத்துத் தெரு வெல்டிங் கடைக்காரர் கேட்டுக்குக் கம்பி ஒட்டின இரைச்சல்தான் அது."

அவள் முகம் சுருங்கியது. டிஷ்ஷைச் சூரியனிலிருந்து திருப்பிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. கோடு விழுந்தால் சூரியன், விழாவிட்டால் வெல்டிங். ஆனால் டிஷ் போய்த் திரும்புவதற்குள் சூரியன் வாயை மூடிக்கொண்டால்? திருப்பாமல் விட்டாலோ, யாரும் நம்பப் போவதில்லை. அவளே நம்ப மாட்டாள்.

"சீக்கிரம் சொல்லும்மா, திருப்பவா?"

"திருப்புங்கண்ணே!"

டிஷ் முனகிக்கொண்டே நகர்ந்தது. கோடு தொபுக்கென்று விழுந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். டிஷ் பழைய இடத்துக்கு வந்தது. கோடு மறுபடி ஜிவ்வென்று ஏறி, உச்சியிலேயே நின்று கும்மாளம் போட்டது.

"வெல்டிங் இல்ல! வெல்டிங் இல்ல!"

அண்ணன் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்து ஆடினார். அவள் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். சக்கரம் வைத்த அவள் நாற்காலி தன் பாட்டுக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அதே வேகத்தில் அண்ணன் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏய், நாளைக்கு இந்தக் கூட்டம் மறைஞ்சுடும், எனக்கு லீவு, கடலுக்குப் போறோம்! பொட்டியைக் கட்டு!"

"வெயில்ல நின்னு ஏதாவது ஆயிடுச்சா உங்களுக்கு?"

மறுநாள் அந்தக் கூட்டம் சொன்னபடி மறைந்தது. ஆனால் எதிர் விளிம்பில் அதைவிடப் பெரியதாக ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அண்ணன் டிஷ்ஷைவிட்டு அசையவில்லை. அவள் கட்டுரை அச்சாகியேவிட்டது. "சூரியனுக்கு லீவே கிடையாதாம்மா?" என்று அண்ணி அவளிடம் கேட்டாள். கடல் இன்னும் பாக்கி. அண்ணி பெட்டியைப் பிரிக்கவேயில்லை.