பராகுவே ஆற்றில் சுற்றி வந்த குவளை

போன கிழமை சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞன் ஒருவன், மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூளைப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து குளிர்ந்த நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தான். மழையில் நனைந்த வைக்கோல் மணம். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டவன், மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். நன்றி சொல்ல வாயெடுத்துச் சட்டென்று மூடிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் பராகுவே.

எழுபதுகளில் நான் சிட்னியில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மணமுடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பத்மா இரண்டு குளிர்காலங்களைப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"இஞ்ச ஒருத்தரும் ஒருத்தற்ற வீட்டுக்கும் வாறேல்லை. நான் ஊருக்குப் போறன்."

"ஒரு பயணம் போட்டு வருவம். பிறகும் போக வேணுமெண்டா நானே ரிக்கற் எடுத்துத் தாறன்" என்றேன். உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, விறகு எரித்து ஓடும் ரயிலைப் பார்க்கவேண்டும் என்ற என் பைத்தியத்துக்கு அவளைப் பராகுவேக்கு இழுத்துப் போனேன்.

ஆனால் என்ன ரயில் அது! மரப்பெட்டிகள் ஐந்து. தெற்கு எல்லையில் ஏறினால் தலைநகர் அசுன்சியோன் எப்போது வரும் என்று கார்டுக்கே தெரியாது. பொறி பறந்து வந்து பத்மாவின் சேலையில் மூன்று ஓட்டை போட்டது. அவள் கவலைப்படவில்லை, நான்தான் எண்ணினேன். ரயிலின் வேகத்துக்கு நடந்து வந்தே பெண்கள் யன்னல் வழியாக வளையம் வளையமாக ஒரு ரொட்டி விற்றார்கள். மரவள்ளி மாவும் பாற்கட்டியும் சேர்த்துச் சுட்டது. அப்படி ஒரு ரொட்டியை நான் பிறகு எங்கும் தின்னவில்லை.

அசுன்சியோனிலிருந்து வடக்கே ஆற்றில் படகு. கோழி, அன்னாசி, தையல் மெஷின், தூங்கு ஏணைகள், நாங்கள். மரத்தடியில் யாராவது கை காட்டினால்கூடக் கரை ஒதுக்கி ஏற்றிக்கொள்வார்கள். மேல்தட்டில் வட்டமாக இருந்த பெண்கள் எங்களையும் கூப்பிட்டு இருத்தினார்கள். அதே இலைத்தண்ணீர், ஒரே குவளை, ஒரே குழல். ஒருவர் குடித்து முடிக்க, நிரப்பி அடுத்தவருக்கு.

அண்ணாந்து குடித்து வளர்ந்தவன் நான். அடுத்தவர் எச்சில்! சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் குழலைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக் குடித்தேன். சிட்னிப் பழக்கத்தில் அவர்களின் மொழியிலேயே "கிராசியாஸ்" என்று பணிவாக நன்றியும் சொன்னேன். குவளை பத்மாவிடம் போனது. அவள் குடித்துவிட்டுப் பேசாமல் கொடுத்தாள். சாப்பாடு தந்தவருக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் ஏது?

அடுத்த சுற்றில் குவளை என்னைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த சுற்றிலும். பத்மாவுக்கு மட்டும் தவறாமல் வந்தது.

"துடைச்சது பிழையாப் போச்சோ?" என்றேன்.

"உங்கட லேஞ்சியைக் கண்டா ஆர்தான் தருவினம்?"

அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. மறுநாள், ஆங்கிலம் தெரிந்த மரவியாபாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நன்றி சொன்னால் 'போதும், இனி வேண்டாம்' என்று அர்த்தமாம். வேண்டுமென்றால் பேசாமல் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம்.

பத்மா சிரித்தாள். இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். சிரித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பக்கத்து வீட்டு இத்தாலிக்கார மனிசி தேசிக்காய் கொண்டுவந்த நேரமும் வாசல்ல நிண்டு இதைத்தானே சொன்னனீங்கள்? தாங்க் யூ, தாங்க் யூ எண்டு. பிறகு அவ வந்தவவோ?"

வரவில்லை. மரியாதையாக நடந்துகொண்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சிட்னிக்குத் திரும்பிய மறுநாள், பத்மா வடை சுட்டுக்கொண்டு அந்த அம்மாவின் குசினிக்குள் நேரே போய்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். இருட்டும் வரை வரவில்லை. ரிக்கற் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த ரயில் நின்று பல வருடங்களாம். படகும் இல்லையாம். இத்தாலி அம்மா காலமாகி, அவருடைய தேசி மரத்தைத் தறித்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்று பத்மாவுக்கும் தெரியாது.

ஸ்டேஷனில் குவளையைப் பேசாமல் திருப்பிக் கொடுத்தேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தான். நாங்கள் காத்திருந்த பரமட்டா ரயில் வந்து நின்றது. அவன் மறுபடி நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இருவரும் ஏறவில்லை.