ஓரத்துத் துவரை

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தை பிறந்துவிட்டால் அங்கே ஓர் அம்மா கூடையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். உப்புப் போட்டு வேகவைத்த துவரங்காயைக் கூறு கட்டி வைத்திருப்பார். கோட்டை பார்க்க வந்த ஒருவர் குனிந்து, "இது பச்சைப் பட்டாணியா?" என்று கேட்டார். "தொவரக்கா சார். சாம்பாருக்குப் போடறீங்களே பருப்பு, அது இதுலேர்ந்துதான் வருது" என்றார் அந்த அம்மா. கேட்டவர் நம்பாமல் போய்விட்டார். நான் வாங்கி வந்து, பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பது தெரிந்தும், வழி முழுக்க ஆடு மாதிரி மென்றுகொண்டே போனேன். அந்தப் பச்சை வாசனை விரலில் ஒட்டினால் லேசில் போகாது. அது என் அம்மாவின் கை வாசனை.

எங்கள் நிலம் சிங்கவரம் பக்கம், மானாவாரி. ஆடியில் மழை விழுந்ததும் நைனா மல்லாட்டை விதைப்பார். அப்பாவை நைனா என்றும் நிலக்கடலையை மல்லாட்டை என்றும்தான் நாங்கள் சொல்வோம். வரப்பை ஒட்டி நாலு பக்கமும் ஓர் உழவுசால் மட்டும் விதைக்காமல் விட்டுவிடுவார். அதற்குப் பெயர் ஓரம். அதில் அம்மா துவரை ஊன்றுவாள், இடையிடையே காராமணி, மொச்சை. நடு நைனாவுடையது, மூட்டை பிடித்து விற்பனைக் கமிட்டிக்குப் போய்விடும். ஓரம் அம்மாவுடையது, எங்கள் அடுப்புக்கு வரும். ஓரத்தைப் பற்றி நைனா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் திறப்பவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கறி எடுப்பதெல்லாம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். என் உடம்பில் கொஞ்சம் சதை இருக்கிறதென்றால் அது ஓரம் போட்ட சதை. பள்ளிக்கூடத்தில் வேர்முடிச்சு பற்றிப் படித்துவிட்டு வந்து, துவரை காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்று அம்மாவிடம் ஒருநாள் பிரசங்கம் செய்தேன். "அப்டியா? சரி, நீ போயி கெணத்துலேர்ந்து தண்ணிய இழுத்துக் குடு" என்றாள். ஆனால் ஓரத்து மண்ணின் அருமை அவளுக்குத் தெரியாமல் இல்லை. துவரை உதிர்த்த இலை வருடா வருடம் மக்கி, அந்த மண் புட்டு மாதிரி பொலபொலவென்று இருக்கும்.

காய்ந்த துவரைக்குச் செம்மண் குழைத்துப் பூசி, வெயிலில் உலர்த்திப் பானையில் கொட்டி வைப்பாள். வண்டு அண்டாது. பருப்பு உடைக்க வைப்பதற்கும் அதே மண், விதைக்கு வைப்பதற்கும் அதே மண். பரணில் இரண்டு பானைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எது என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. தெருவில் எல்லோரும் ஆடியில் அவளிடம்தான் விதை வாங்குவார்கள். அவள் வைத்திருக்கிறாள் என்கிற தைரியத்தில் யாரும் தனியாக எடுத்துவைத்ததில்லை.

நான் சென்னையில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த வருடம், வைகாசியில் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கருமாதிச் சமையலைத் தொண்டூரிலிருந்து வந்த அத்தை எடுத்துக்கொண்டாள். நைனாவின் அக்கா. அழுது வீங்கிய கண்ணோடு பரணில் தேடி ஒரு பானையை இறக்கினாள்.

"பான நெறைய தொவர வெச்சிட்டுப் போயிருக்கா மகராசி. கடையில இன்னாத்துக்கு வாங்கணும்? அவ வெச்சதையே அவளுக்குப் படைப்போம்."

அதைக் கேட்டு எல்லோரும் இன்னொரு பாட்டம் அழுதோம். எந்திரக் கல்லில் உடைத்துச் சாம்பார் வைத்தார்கள். தெருவே சாப்பிட்டது. நானும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவளே சமைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஆடியில் நல்ல மழை. நான் லீவு போட்டு வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா முறத்தோடு வாசலில் வந்து நின்று, "உங்கம்மா வெத வெச்சிருக்குமேப்பா, ஒரு படி குடு" என்றது. ஏணி வைத்து ஏறி, மிச்சமிருந்த பானையைத் தொட்டேன். தொட்டதுமே நகர்ந்தது. உள்ளே ஒரு பிடி செம்மண் தூள்தான் இருந்தது. அது பருப்புப் பானை, அம்மா இருக்கும்போதே தீர்ந்திருக்கிறது. கருமாதிக்கு இறக்கியது விதை.

நைனா கீழே நின்று பானையையும் என்னையும் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வெறும் முறத்தோடு திரும்பிப் போனது. அத்தையிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. அவள் இன்றைக்கும் அந்தச் சாம்பாரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாள். நான் தலையாட்டுவேன்.

நைனா செஞ்சிக்குப் போய்ப் புது விதை வாங்கி வந்து, முதல்முறையாகத் தன் கையால் ஓரத்தில் ஊன்றினார். குறுகிய நாள் ரகம். குறை சொல்ல முடியாது, நன்றாகவே காய்த்தது. கார்த்திகையில் நான் வந்தபோது வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா?"

"உங்கம்மா போட்ட தொவர ஒசரண்டா. உள்ள பூந்துட்டான்னா ஆளே தெரியாது. நான் இங்க நின்னு கூப்புடுவேன், 'இங்கதான் இருக்கறேன்'னு கொரல் மட்டும் வரும்." பக்கத்துச் செடியின் நுனியைத் தொட்டார். "இது இடுப்புக்குத்தான் வருது. உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்சிபூடுது."

அடுத்த ஆடியில் அவர் ஓரம் விடவில்லை. வரப்பு வரைக்கும் மல்லாட்டையே விதைத்தார். இப்போது எங்கள் தெருக்காரர்கள் யார் நிலத்திலும் ஓரம் கிடையாது.