ராஜாவுக்கு அடித்த மணி

பட்டாளம் தங்கியிருந்த அல்சூரின் கிறிஸ்தவக் கோயிலில் டொமினிக் பதினேழு வருஷம் மணி அடித்தவன். பெரியவர்கள் இறந்தால் விட்டு விட்டு ஒற்றை மணி. ஞானஸ்நானம் பெற்ற சிறு குழந்தை இறந்தால் மட்டும் விடாமல் சந்தோஷ மணி. தேவதூதனாக, சம்மனசாக நேரே மோட்சம் போகிற குழந்தைக்காக அழக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

1918-இல் விஷஜுரம் வந்தது. தினம் இரண்டு மூன்று சவப்பெட்டிகள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சோல்ஜர்கள் சாவு மணி கேட்டுக் கலங்குகிறார்கள், நிறுத்துங்கள் என்று பட்டாள அதிகாரி எழுதி அனுப்பினார். பங்குச்சாமியார் மறுபேச்சில்லாமல் சாவு மணியை நிறுத்தினார். கோயில் நின்ற நிலமே பட்டாளம் கொடுத்தது.

மணி நின்ற பத்தாம் நாள் டொமினிக்கின் மனைவி பிரிஜெட் படுத்தாள்.

"எனக்காச்சும் அடிப்பீங்களா?"

"அடிக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். மணியில்லாமலே புதைத்தார்கள்.

நவம்பரில் யுத்தம் முடிந்தது. ராஜா ஜெயித்துவிட்டார், ஒரு மணி நேரம் சந்தோஷ மணி அடிக்கவேண்டும் என்று உத்தரவு.

"செத்தவங்களுக்குக் கூடாது, ராஜாவுக்கு ஆகுமா சாமி?"

"எனக்கும் மேலே பெரியவங்க இருக்காங்க. போய் அடி."

"எவ்வளவு மேலே சாமி?"

சாமி மணிக்கூண்டுச் சாவியை நீட்டினார். அவன் குடியிருந்தது கோயில் கொடுத்த வீடு. டொமினிக் மேலே ஏறி உள்ளங்கை கன்ற அடித்தான்.

இறங்கி வந்தால் வாசலில் அடுத்த தெரு மதலேன், கையில் மெழுகுத்திரியோடு. அவளுடைய மூன்று வயது மகனும் ஜுரத்தில் போயிருந்தான்.

"எம்புள்ளைக்கு அடிச்சிட்டீங்கண்ணே. ஒரு மாசமா அவன் வெளியவே நிக்கறானோன்னு இருந்துச்சு."

அது ராஜாவுக்கு அடித்தது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அண்ணிக்கு எப்ப?" என்றாள்.

டொமினிக் திரும்ப ஏறினான். ஒற்றை மணி, பிரிஜெட்டுக்கு. தெருவில் வெற்றிப் பட்டாசு நின்றது. பிறகு தையற்காரர் சில்வெஸ்டருக்கு, அவர் தங்கைக்கு என்று நினைவுக்கு வந்த ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தான். கீழே நின்று சாமி கூப்பிட்டது காதில் விழுந்தது; நிறுத்தவில்லை. இருபத்து மூன்றாம் பேரில் இரண்டு சோல்ஜர்கள் வந்து கயிற்றைப் பிடுங்கினார்கள். பதினோரு பேர் பாக்கி.

வேலையும் வீடும் அந்த வாரமே போயின. செங்கல் சூளைக்கு மண் சுமக்கப் போனான். பேர் விட்டுப்போனவர்களின் வீட்டார் சிலர் அவனைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

"எங்கப்பாவுக்கு முன்னாடியே உம் பொண்டாட்டிக்கு அடிச்சிக்கிட்டே, இல்ல?" என்று ஒருவன் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டான்.

அவனுடைய அப்பா இறந்தது பிரிஜெட்டுக்கு நாலு நாள் முன்னால். டொமினிக் தலைக்கூடையை இறக்காமல் நின்று கேட்டுக்கொண்டான்.