உதறாமல் போட்ட துணி

யாராவது இரண்டு பேர் குரலை உயர்த்தினால் பெரியக்கா ஓட மாட்டார். கையிலிருக்கும் வேலையை முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேலங்கி நுனியில் துடைத்தபடியே நடந்து வருவார். "ஓடிப் போனா, நான் யாரு பக்கம்னு பாப்பாங்க. நடந்து போனா, அதுக்குள்ள அவங்களே கொஞ்சம் எறங்கிடுவாங்க."

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். ஐம்பதைத் தாண்டிய கட்டையான உருவம். இயந்திர இரைச்சலோடு போட்டி போட்டுக் குரல் தடித்துவிட்டது. தொலைபேசியில் நலம் விசாரித்தாலும் அதட்டுவதுபோல் இருக்கும். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் பெரியக்காதான். வீட்டில் மகள்கள் இருவரும் அடித்துக்கொண்டால் மட்டும் மெல்ல மாடிக்கு நழுவிவிடுவார். "வீட்டு வழக்கு நான் எடுக்கறதில்ல. ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து எனக்குத் தீர்ப்பு சொல்லிடுவாங்க."

மடிப்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கும் துவைக்கும் இயந்திரக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்று சில வாரங்கள் ஆகியிருந்தன. கறை போகாத விரிப்பு ஒன்றை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இவருக்குத் துவைக்கவே தெரியல" என்று அவள் சிரித்ததில் ஆரம்பித்த வினை. ஒருநாள் காலை, துவைத்து வந்த குவியலுக்குள் கைவிட்டவள் வீறிட்டாள். அறுவைச் சிகிச்சை அறைத் துணியோடு வந்த ஊசி விரலில் ஏறியிருந்தது.

"வேணும்னே வெச்சிருக்கான்!"

பெரியக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள் விரலைக் குழாயடியில் கழுவி, மருத்துவரிடம் தானே கூட்டிப்போய், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் இருவரையும் சரக்கறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"பாத்ததச் சொல்லுங்க. நெனச்சத அப்புறம் பேசலாம். ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் வாயத் தொறக்கக் கூடாது."

"ஊசி குத்திச்சு. அதான் பாத்தேன்" என்றாள் அவள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கைக்குழந்தைய யாரு பாப்பா?"

சண்டைக்குத் தயாராக வந்திருந்த இயந்திரக்காரர் தரையைப் பார்த்தார். "வேணும்னு வெக்கல. ஆனா, ஊசி ஏதும் இருக்கான்னு உதறிப் பாத்துத்தான் மெஷின்ல போடணும்; இவ மேசைக்குப் போற துணிதானேன்னு உதறாமப் போட்டேன். கொஞ்ச நாளாவே அப்படித்தான். கோவம்."

"கோவம் வந்தா எங்கிட்ட வந்து கத்துங்க. துணியில காட்டாதீங்க" என்றார் பெரியக்கா. "நான் மேலிடத்துக்குச் சொல்லித்தான் ஆகணும். வேணும்னு வெச்சீங்கன்னு சொல்ல மாட்டேன். உதறலன்னு சொல்லுவேன்." அவள் பக்கம் திரும்பினார். "எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்க." பிறகு இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலன்னு எனக்குத் தெரியும். தானா சரியாயிடும்னு விட்டுட்டேன். அதையும் சேத்தே சொல்லப் போறேன்."

சொன்னார். இயந்திரக்காரருக்கு எச்சரிக்கை வந்தது; பெரியக்காவுக்கும் ஒன்று வந்தது. அவள் எல்லார் முன்னாலும் முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டாள். அதற்காக இருவரும் கொஞ்சிக் குலாவவில்லை. வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும். ஆனால் இயந்திரக்காரர் தினமும் வந்ததும் பெரியக்காவிடம் கேட்பார்: "ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடுச்சா?" அவளிடம் கேட்கத் துணிவில்லை.

சில மாதங்கள் தள்ளித் திரும்பவும் ரத்தம் எடுத்துப் பார்த்த கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று, நானும் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதி மடித்த விரிப்போடு அவள் ஓடிவந்தாள். "ஒண்ணும் இல்லையாம் பெரியக்கா! அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பெரியக்கா அவள் கையிலிருந்த விரிப்பை வாங்கிக்கொண்டு, இயந்திரங்கள் இருந்த பக்கம் முகவாயால் காட்டிவிட்டு, மீதியை மடிக்கத் தொடங்கினார்.