நாலடித் திரையில் ஒரு காது

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து ஆறு பேர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் தம்பியின் கழுத்தைப் பார்க்க.

மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால், முதலில் கழுத்து. அது சரியாக இருந்தால் மற்றதைப் பேசலாம் என்பது அவர்கள் முடிவு. தப்பு அவர்கள் மேல் இல்லை. என் மேல். இன்னும் சரியாகச் சொன்னால்... என் மானிட்டர் மேல்.

மொழிபெயர்ப்பு வேலைக்காக இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அகலத் திரை மானிட்டர் வாங்கினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிட்டத்தட்ட நாலடி. அது வந்ததும் மேசையிலிருந்த எல்லாம் வெளியேறின. பிரிண்டர் இப்போது சமையலறையில், அரிசி டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

வசதி இல்லையா என்றால், இருக்கிறது. இடது பக்கம் மலாய் மூலம், வலது பக்கம் என் தமிழ், நடுவில் அகராதி. ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிற வேலையே கிடையாது. முன்பு இரண்டு மானிட்டர் வைத்திருந்தபோது நடுவில் தடித்த கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். அதுவும் ஒழிந்தது.

தொல்லை? அதுவும் தாராளம். மவுஸ் அம்பு அடிக்கடி காணாமல் போகும். இணையத்தில் எதைத் திறந்தாலும் எழுத்தெல்லாம் நடுவில் சந்து மாதிரி ஓடும். இரண்டு பக்கமும் வெற்று நிலம். பழைய படம் பார்த்தால் இரு ஓரமும் இருட்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அதில் கேமரா கிடையாது. வலது கோடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அதன் கேமராவைத்தான் பயன்படுத்துகிறேன். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. என்னை யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள்?

ஆனால் தம்பி குணாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குணாவுக்கு முப்பத்து நாலு வயது. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமானவன். பேசத்தான் மாட்டான். இதற்கு முன் பார்த்த இரண்டு இடமும் "பையன் வாயே திறக்கலையே" என்று நழுவிவிட்டன. அப்படிப்பட்டவன், வரன் பார்த்துச் சொல்லும் கமலா ஆன்டி கொண்டுவந்த யாமினியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஓகேக்கா" என்று தானாகச் சொன்னான். அவன் மனம் மாறுவதற்குள் ஆன்டிக்குப் போன் போட்டேன்.

பெண் வீட்டார் முதலில் வீடியோ காலில் பேசலாம் என்றார்கள். பெண்ணின் உறவுகள் ஈப்போவிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்களாம். குணாவின் லேப்டாப்பில் அத்தனை முகமும் தபால்தலை அளவுதான் தெரியும். "என் மானிட்டர்ல பேசுடா" என்றேன். யோசனை என்னுடையதுதான் என்பதை நான் மறுக்கவில்லை.

நான் கதவோரம் நின்றுகொண்டேன். ஆறு முகமும் ஒரே வரிசையில் பளிச்சென்று வந்தன. யாமினியின் முகம் இடது கோடியில். குணா நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அதற்கு நேராக உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஒருமுறை சிரித்தான்கூட. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கமலா ஆன்டி போன் செய்தார். பையன் ஏன் ஒரு தடவைகூடப் பெண் பக்கம் திரும்பவில்லை என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமரா இருந்தது வலது கோடியில். அவன் பார்த்தது இடது கோடியை. அவன் எவ்வளவுக்கெவ்வளவு ஆசையாக அவளைப் பார்த்தானோ, அவ்வளவுக்கவ்வளவு அவளுக்குத் தெரிந்தது அவன் வலது காது மட்டும். ஒரு மணி நேரம்! காது நன்றாகத்தான் இருக்கிறது என்று பெண்ணின் அம்மா சொன்னாராம்.

மெல்பர்ன் அத்தை, பையன் ஃபுட்பால் மேட்ச் பார்த்திருக்கிறான் என்றாராம். ஈப்போ மாமாவுக்கு, அறையில் வேறு ஒரு பெண் நின்றிருப்பாளோ என்று சந்தேகம். யாமினியின் பெரியப்பா மட்டும் பொறுமையாக, "பாவம், கழுத்து திரும்பலை போல" என்றாராம். அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரஸ்ஸர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நான் பதறிப்போய் விளக்கினேன். "ஆன்டி, அது மானிட்டர். வீட்டுல நாலடி மானிட்டர் வச்சிருக்கோம். அதனாலதான் அவன் அப்படி இருந்தான்."

கமலா ஆன்டி தழைந்த குரலில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்று போனை வைத்துவிட்டார்.

கிள்ளானுக்குச் செய்தி எப்படிப் போனது தெரியுமா? பையனை வீட்டிலேயே மானிட்டரில் வைத்திருக்கிறார்கள் என்று. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் இருக்குமே, நெஞ்சுத் துடிப்பைக் கோடு கோடாகக் காட்டும், அது. அதுவும் நாலடியில். நாற்பது வருஷ சர்வீஸில் அவ்வளவு பெரிய மானிட்டரைத் தான் பார்த்ததே இல்லை என்று பெரியப்பா கவலைப்பட்டிருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தார்களாம். யாமினிதான், முகத்தைக்கூடப் பார்க்காமல் எப்படி வேண்டாம் என்பது, ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லாரும் மெல்லிய குரலில் பேசினார்கள். பழக்கூடை கொண்டுவந்தார்கள். பெரியப்பா குணாவை உட்காரவைத்து, இடது பக்கம் பார், வலது பக்கம் பார், மேலே பார் என்றார். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு சடங்கு என்று நினைத்தானோ என்னவோ, சொன்னதையெல்லாம் செய்தான். நாடி பிடித்துப் பார்த்தார். முதுகில் தட்டினார். எல்லாம் நன்றாக இருந்ததில் அவருக்குக் குழப்பம்.

"அந்த மானிட்டர் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அறையைத் திறந்து காட்டினேன். பெரியப்பா கிட்டே போய் உடம்பில் ஒட்டும் வயர்களைத் தேடினார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். திரையில் பாதியில் விட்டிருந்த சத்துமாவு விளம்பரத்தின் மொழிபெயர்ப்பு இருந்தது. அதை முழுசாகப் படித்துவிட்டு, "இது கம்ப்யூட்டர்தானே?" என்றார்.

"ஆமாம் அங்கிள்" என்றேன்.

யாமினிதான் முதலில் புரிந்துகொண்டாள். குணாவை அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், அதே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஹாலுக்குப் போய், தன் போனிலிருந்து என் லேப்டாப்புக்கு வீடியோ கால் போட்டாள். மானிட்டரில் அவள் முகம் அன்று போலவே இடது கோடியில் வந்தது. போனை எல்லாரும் எட்டிப் பார்த்தோம். காது.

அவள் திரும்ப அறைக்குள் வந்தாள். மவுஸைப் பிடித்துத் தன் முகம் இருந்த கட்டத்தை இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு இழுத்தாள். நாலடி தூரம். குணாவின் முகமும் கூடவே திரும்பியது. அவள் கையிலிருந்த போனில் அவன் முழு முகம் வந்தது. சிவந்துபோன முகம்.

"அன்னிக்கு முழுக்க என்னையா பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் குணா. உடனே, "வேற யாரையும் பார்க்கலை" என்றான்.

என் தம்பி ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் பேசி நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஹாலுக்கு வந்து தேத்தண்ணியும் கறிபாப்பும் சாப்பிட்டோம். அரை மணி நேரமாகியும் இரண்டு பேரும் வரவில்லை. அவள் அம்மா போய்ப் பார்த்தார். யாமினி துறைமுகத்தில் கப்பல் அட்டவணை போடுகிற வேலையில் இருக்கிறாள்; அந்த அட்டவணையை என் மானிட்டரில் திறந்து வைத்திருந்தாள். ஒரு வாரத்துக் கப்பல்கள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரிகிற திரையை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறாள். குணா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கல்யாணம் தை மாதம். சீர் எதுவும் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தோம். கிளம்பும்போது யாமினி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, அந்த மானிட்டர் அவரோடதா, உங்களோடதா?" என்று மெதுவாகக் கேட்டாள். 'அண்ணி' என்று சொன்ன பிறகு, "அவனோடதுதான்மா" என்றேன்.

போகட்டும். எனக்கு ஒன்று புரிந்தது. ஒருத்தரை ஆசையாகப் பார்த்தால் மட்டும் போதாது — பார்ப்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும்.